கணினி வடங்களின் இணைப்பிகள் தொடர்பாக

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மட்டக்களப்பில் பாடசாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வலையமைப்புப் பொருத்திப் பராமரிக்கும் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இணையம் மெதுவாக இருந்தால் முதலில் இணைய நிறுவனத்தையும் அடுத்து ரவுட்டரையும் குறை கூறுகிறோமே தவிர, வடத்தின் நுனியில் உள்ள விரல் நகமளவு இணைப்பியைக் கழற்றிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

கடந்த மாரியில் ஒரு பாடசாலையின் கணினிக்கூடத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஒரு வரிசைக் கணினிகளில் மட்டும் தொடர்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் கருவியை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை. வடத்தைச் சோதனைக் கருவியில் பொருத்தினால் எட்டுக் கம்பிகளுக்குரிய 1 முதல் 8 வரையான விளக்குகள் ஒழுங்காகவே எரிந்தன. வடத்தின் நுனியிலுள்ள ஆர்ஜே-45 எனப்படும் இணைப்பியைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. பொருத்தியவர் செம்மஞ்சள் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, கபிலச் சோடி என்று பார்வைக்கு அழகாக அடுக்கியிருந்தார். இரு நுனிகளிலும் அதே ஒழுங்கு இருந்தபடியால், கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவான கருவிக்கு அதில் பிழை தெரியவில்லை.

ஆனால் அது பெரும் பிழை. வடத்துக்குள் கம்பிகள் சோடி சோடியாக முறுக்கப்பட்டிருப்பதே, ஒரு சோடியின் மின் இரைச்சல் அடுத்த சோடியைக் குழப்பாமல் இருப்பதற்காகத்தான். இணைப்பியின் எட்டு உலோக முனைகளில் 3ஆம், 6ஆம் முனைகள் ஒரே சோடியைச் சேர வேண்டும் என்பதால், டி568பி எனப்படும் நியம நிற ஒழுங்கில் வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம் என்று வர வேண்டும். பச்சைச் சோடி நீலத்தின் இருபுறமும் பிரிந்து நிற்பது வேண்டுமென்றே செய்யப்பட்டது. கட்டையான வடத்தில் இந்தப் பிழை மறைந்து கிடக்கும், நீண்ட வடத்தில் காலை வாரிவிடும்.

இதைவிட நுட்பமான குறை ஒன்றும் உண்டு. 100 மெகாபிட் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள் போதும்; கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்புக்கு எட்டும் வேண்டும். மற்றைய நான்கில் ஒன்று சரியாகப் பதியாவிட்டால் கணினி பேசாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்பது பல மாதங்களாக எவருக்கும் தெரியாமலே போகலாம். பெரும்பாலும் காரணம், வடத்தின் வெளித்தோல் இணைப்பிக்குள் நுழையாமல் வெறும் கம்பிகள் வெளியே தெரிய இறுக்கியிருப்பதுதான். இழுவை முழுவதும் அந்த மெல்லிய கம்பிகளில் விழுகிறது. முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது.

ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் கல்லடி, நாவலடி போன்ற இடங்களில் இன்னுமொரு தொல்லை சேர்கிறது. முனைகளில் பூசப்படும் பொன் மிக மெல்லியதாக உள்ள மலிவு இணைப்பிகளில், உப்புக் காற்றுப் பட்டுப் பச்சைக் களிம்பு பிடித்துவிடுகிறது. 50 மைக்ரோ அங்குலப் பொன்பூச்சு உள்ளவற்றுக்குச் சில ரூபாய்கள் கூடுதலாகக் கொடுப்பதே இங்கு சிக்கனம்.

மற்றைய இணைப்பிகளைப் பற்றியும் சுருக்கமாகக் கூற வேண்டும். தொலைபேசிக்குரிய ஆர்ஜே-11 இணைப்பி, ஆர்ஜே-45க்குரிய துளைக்குள்ளும் நுழையும். ஆனால் அவ்வாறு சொருகினால் ஓரத்து முனைகள் வளைந்து கெடலாம். பழைய கணினி வலையமைப்புகளில் இருந்த பிஎன்சி என்ற வட்ட வடிவ இணைப்பியை இப்போது பெரும்பாலும் கண்காணிப்புக் கமராக்களில்தான் காண்கிறோம். வீடுகளுக்கு வரும் ஒளியிழை வடத்தின் எஸ்சி இணைப்பியில் நிறத்தைக் கவனிக்க வேண்டும்: பச்சை நிறத்தினதின் முகம் 8 பாகை சரிவாகவும், நீல நிறத்தினது சரிவின்றியும் தீட்டப்பட்டிருப்பதால், ஒன்றை மற்றதோடு பொருத்தினால் முகங்கள் ஒட்டாமல் ஒளி வீணாகும். அலுவலகங்களின் சுவிட்சுகளில் அதைவிடச் சிறிய எல்சி வருகிறது. எதுவானாலும் மூடியைக் கழற்றி நுனியை விரலால் தொடுவது கூடாது. வீடுகளுக்கு வரும் ஒளியிழையில் ஒளி செல்லும் பாதை 9 மைக்ரோமீற்றர் அளவே என்பதால் விரலின் எண்ணெய்ப் பிசுக்கே போதும் அதை மறைக்க.

எனவே கணினிக்கூடங்களுக்கு விலைமனுக் கோரும் அதிபர்களும் அலுவலகப் பொறுப்பாளர்களும் வடத்தின் தரத்தோடு இணைப்பியின் தரத்தையும் பொன்பூச்சின் அளவையும் எழுத்தில் குறிப்பிட வேண்டும் என்றும், கம்பித் தொடர்ச்சியை மட்டுமன்றிச் சோடிப் பிழையையும் காட்டும் கருவியால் ஒவ்வொரு வடத்தையும் சோதித்த அறிக்கையைக் கையில் பெற்ற பின்னரே கொடுப்பனவை விடுவிக்க வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வலையமைப்புப் பராமரிப்பாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.