அத்தை போன் செய்வதற்குள் நான் எழுதிவிடுகிறேன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா காலுக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். குடும்ப குரூப்பில் உன் அத்தை போட்ட படத்தைப் பார்த்துப் பதறிப்போய் நீ நடுராத்திரியில் கூப்பிட்டாய். அந்த அரைத் தூக்கத்தில் நான் என்ன சொன்னேனோ, நீ என்ன புரிந்துகொண்டாயோ. இந்த வாரம் உன்னிடம் விலாவாரியாகப் பேசப் போவதாக அத்தை சொல்லியிருக்கிறாள். அவள் வாயில் விழுந்தால் அட்டைகூட மலைப்பாம்பாகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பாட்டிக்கு 80 முடிகிறது, எல்லாரும் ஒரே கூரையின் கீழ் சில நாள் இருக்க வேண்டும் என்று பெரியப்பா பிடிவாதமாக இருந்தார். ஊர் ஊராக இருப்பவர்களின் லீவை ஒன்று சேர்ப்பதற்குள் உன் அண்ணனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் மலையில் ஒரு காட்டேஜைப் பிடித்தான். படத்தில் ஜன்னலைத் திறந்தால் ஏரி. நேரில், மாடிக் குளியலறையில் முக்காலி போட்டு ஏறி நின்றால் ஏரி. அத்தை அந்த முக்காலியில் ஏறி நின்று எடுத்ததுதான் நீ குரூப்பில் லைக் போட்ட அந்த ஏரிப் படம்.

மலை ஏறும்போதே ஆரம்பித்துவிட்டது. வளைவுக்கு வளைவு சின்ன மாமா பையன் குனிந்து போனில் விளையாடிக்கொண்டே வந்தான். பாதி மலையில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மற்றதை நீயே ஊகித்துக்கொள். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ உடம்பு ஆடுகிறது என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற குமட்டல் இது என்றாள் அண்ணி. அவனை முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டே வரச் சொன்னாள். போனை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் மேலே போய்ச் சேரும்வரை ஒரு சத்தமும் இல்லை.

அறை பிரிப்பதில்தான் கொஞ்சம் முகம் சுளிப்பு. முட்டி வலிக்காரர்களுக்குக் கீழ் அறை என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். போய்ச் சேர்ந்ததும் பார்த்தால் எல்லாருக்கும் முட்டி வலி! பாட்டி மட்டும்தான் மாடிக்குப் போகத் தயாராக இருந்தார். கடைசியில் பெரியப்பாவின் குறட்டைக்காக அவரை ஹாலில் சோபாவில் படுக்க வைத்தோம். அது மரத்தளம் போட்ட வீடு. ஹாலில் படுத்தாலும் அவர் குறட்டை மாடிவரை வந்தது.

குளிரைப் பற்றி உன் அண்ணன் எல்லாருக்கும் எழுதியிருந்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும், நாம் இரண்டாயிரம் மீட்டர் ஏறுகிறோம், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. யார் படித்தார்கள்? கிளம்புகிற இடத்தில் வியர்வை கொட்டுகிறது, ஸ்வெட்டர் எதற்கு என்று அத்தை கேட்டாள். முதல் சாயங்காலம் அவளும் மாமாவும் ஒரே போர்வைக்குள் நடமாடினார்கள். அன்று ராத்திரி அறைக்கு ஒரு ஹீட்டர், ஒவ்வொன்றும் 2000 வாட்ஸ். குளியலறையில் கீசர், சமையலறையில் கெட்டில். பட்டென்று வீடே இருண்டது. மெயின் போர்டைத் தேடி அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு டார்ச்சோடு வீட்டைச் சுற்றி எதிரெதிர்த் திசையில் நடந்து, பின்பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்து அலறியதை உன் அண்ணன் வீடியோ எடுத்திருக்கிறான். கேட்டு வாங்கிப் பார். போர்டு வாசல் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

மறுநாள் சின்ன மாமா மகள் ஒரு பேப்பரில் அட்டவணை எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். யார் எப்போது குளிப்பது, அப்போது எந்த ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. வரிசையை முதலில் மீறியது பாட்டி. அவரை யார் கேட்பது?

உருளைக்கிழங்கு வேகாத கதையை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன், நீயும் தனியாகச் சமைக்கிறவள் என்பதால். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது, அதற்கு மேல் சூடேறாது, பாத்திரத்தில் கிழங்கு வேக வழக்கத்தைவிட ரொம்ப நேரம் பிடிக்கும், நாங்கள் எடுத்துப் பார்த்தபோது கல்லாகத்தான் இருந்தது. பெரியம்மா அடுப்பைக் குறை சொன்னாள், கிழங்கைக் குறை சொன்னாள், குக்கரை எடுத்துக்கொண்டு வரவேண்டாம் என்று சொன்ன பெரியப்பாவையும் ஒரு பிடி பிடித்தாள். பக்கத்து காட்டேஜில் குக்கர் கடன் வாங்கி மானத்தைக் காப்பாற்றினோம்.

இப்போது அப்பா கால்.

மழை விட்ட ஒரு காலையில் ஏரிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் எல்லாரும் நடந்தோம். ஈர இலைச் சருகு, புல் முழங்கால் உயரம். பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளச் சொன்னான் உன் அண்ணன். ராணுவத்துக்கா போகிறோம் என்றார் அப்பா. திரும்பி வந்து படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்துப் பிழிந்தார், சிவப்பாக ஒழுகியது. கணுக்காலுக்கு மேலே கட்டை விரல் பருமனுக்கு ஒரு அட்டை, குடித்து உப்பி, பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. பார்த்த பிறகுதான் வலித்தது!

அத்தை உப்பை எடுக்க ஓடினாள், மாமா தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணி இரண்டு பேரையும் தடுத்து நிறுத்தினாள். உப்போ சூடோ பட்டால் அட்டை தான் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும், கிருமி சேர அதுவே வழி என்றாள். அட்டையின் ஒல்லியான முனைதான் வாய்ப்பக்கமாம். அதை ஒட்டித் தோலின் மேல் நகத்தை வைத்து மெல்லப் பக்கவாட்டில் தள்ளினாள். பிடி விட்டுவிட்டது. இன்னொரு முனையையும் அப்படியே எடுத்து, சருகோடு சருகாகத் தூரப் போட்டாள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். அந்த இடத்தை நான் கிட்டத்தில் பார்த்தேன்: மூன்று சின்னக் கோடுகள் நடுவில் சந்திக்கிற ஒரு தடம், அவ்வளவுதான். அதற்கு மூன்று தாடையாம்.

தடம் சின்னதுதான், ரத்தம் மட்டும் நிற்கவில்லை. அட்டையின் எச்சிலில் ஹிருடின் என்று ஒன்று இருக்கிறது, ரத்தத்தை உறைய விடாது, அட்டை போன பிறகும் சில மணி நேரம் கசியலாம், பயப்பட ஒன்றும் இல்லை, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும் என்று அண்ணி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் அத்தை முதலுதவிப் பெட்டியில் இருந்த கட்டுத்துணி முழுவதையும் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை சுற்றிவிட்டாள். அந்தக் கோலத்தில் அப்பாவை நாற்காலியில் சாய்த்து, காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து எடுத்த படம்தான் உனக்கு வந்தது. அடியில் ‘எல்லாரும் பிரார்த்தனை செய்யுங்கள்’ என்று வேறு எழுதியிருந்தாள். சாயங்காலம் கட்டைப் பிரித்தால் ஒரு பொட்டுதான். இப்போது அரிப்பு மட்டும் இருக்கிறது. சொறியாதீர்கள் என்று நான் சொல்கிறேன், நான் திரும்பினதும் சொறிகிறார். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போகலாம் என்று வைத்திருக்கிறோம். இதுவரை எதுவும் இல்லை.

உண்மையில் எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். அது அத்தை கணக்கிலேயே இல்லை. கடைசி ராத்திரி வெளியே கரி மூட்டி எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. சின்ன மாமா தணலோடு அந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குள் வந்து, கதவையும் ஜன்னலையும் சாத்தினான். புகைதான் இல்லையே, ராத்திரி முழுக்கக் கதகதப்பாக இருக்கும் என்றான். அண்ணி குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அன்று கேட்டேன். கரித் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, தலைவலி, தலைசுற்றல் என்று ஆரம்பித்துத் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும் என்றாள். மாமா என்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். அவள் அடுப்பை அவன் கையிலேயே கொடுத்துத் திரும்ப மழையில் வைக்கச் சொல்லிவிட்டு, குளிரக் குளிர எல்லாக் கதவையும் திறந்து போட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காவான நான் சொன்னால் ஆயிரம் நியாயம் பேசுபவன், அன்று மறுபேச்சில்லாமல் போய் நனைந்துவிட்டு வந்தான். நம் வீட்டு மருமகளைப் பற்றிப் பெரியம்மாவுக்கு ஒரு குறை உண்டு, வாய் பேசாத பெண் என்று. அதை இனிமேல் சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன்.

நீ வீடியோவில் வந்த அன்று ஏன் எல்லாரும் மூச்சிரைத்தோம் தெரியுமா? காட்டேஜில் சிக்னல் கிடையாது. மேட்டில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு கல்லின் மேல் நின்றால் மட்டும் கிடைக்கும். ஒவ்வொருவராகப் படியேறி வந்து உன்னோடு பேசிவிட்டுப் போனோம். பாட்டியை அண்ணன் கை பிடித்துக் கூட்டி வந்தான். அவர் போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டதால் உனக்கு மூக்குதான் தெரிந்திருக்கும். நீ இளைத்துவிட்டாய் என்று இறங்கும்போது என்னிடம் சொன்னார். திரையைப் பார்த்தே இருக்கமாட்டார், ஆனாலும் சொன்னார்.

இறங்கும்போது அப்பா வண்டி ஓட்டினார். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஏதோ தீயும் நாற்றம். எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிப்பே போய்விடும் என்று அண்ணன் பின் சீட்டிலிருந்து தணிவாகத்தான் சொன்னான். உனக்குத்தான் தெரியுமே, அப்பாவிடம் வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்லலாமா? ஓரமாக நிறுத்தி ஆற விட்டோம். தண்ணீர் ஊற்றலாம் என்று மாமா பாட்டிலோடு வந்தார். கொதிக்கிற இரும்பில் ஊற்றினால் விரிசல் விடும் என்று அவரையும் தடுத்தான் அண்ணன். அரை மணி நேரம் கழித்து அப்பா ஒன்றும் பேசாமல் வந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் ஓட்டினான். கீழே வந்ததும் நான் மேலே மூடி போட்டு வைத்திருந்த காலி பாட்டில் அழுத்தத்தில் நசுங்கிக் கிடந்தது. அதைக் குட்டி இன்னும் வைத்திருக்கிறாள், யாரையும் தூக்கிப் போட விடுவதில்லை.

இனி மலையில் அண்ணனே ஓட்டட்டும் என்று அப்பா நேற்று சாப்பிடும்போது தானாகச் சொன்னார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். நீயும் போனில் அதைக் கிளறாதே.

வீட்டுச் செய்தி வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. மாடித் தொட்டிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பெரியம்மாவின் படிக்கும் கண்ணாடி நம் பெட்டியில் வந்துவிட்டது. அப்பாவுடையது அவளிடம் போயிருக்கிறது. இத்தனை நாளும் அதைப் போட்டுக்கொண்டே பேப்பர் படித்தாளாம், வித்தியாசமே தெரியவில்லை என்கிறாள். அத்தையின் ஒரு செருப்பைக் காணவில்லை. அது எங்களிடம் இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. உன்னிடமும் கேட்பாள். கடல் தாண்டி இருக்கிற உன்னிடம் எப்படி வந்திருக்கும் என்று விவாதிக்காமல், தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடு.

அடுத்த வருஷமும் போவதாக முடிவு. இந்த முறை உன் லீவை வைத்துத்தான் தேதி என்று பாட்டி உத்தரவு போட்டுவிட்டார். உனக்கு எந்த வாரம் தோதுப்படும் என்று அண்ணனுக்கு ஒரு வரி எழுது. எனக்கு எழுதினால் நான் உன் அத்தையிடம் உளறிவிடுவேன், அவள் ஊரையே கூட்டிவிடுவாள். வரும்போது கெட்டியான ஷூவும் நீள சாக்ஸும் எடுத்துக்கொண்டு வா. அப்பாவுக்கும் ஒரு ஜோடி, 9-ஆம் நம்பர்.

அன்புடன்,
அம்மா