பழங்குடி மொழி தெரிந்த ஆசிரியர்கள் வேண்டி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளைச் சேர்ந்த பெற்றோர்,
கூடலூர், பந்தலூர் வட்டங்கள்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: தொடக்கப் பள்ளிகளில் பழங்குடி மொழிகளைக் கற்பிக்க எங்கள் இளைஞர்களுக்கு ஆசிரியர் பயிற்சியும் பணியும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. எனவே தங்களிடமே நேரில் வந்திருக்கிறோம். தேவாலாவும் சேரம்பாடியும் எங்கள் குடியிருப்புகளும் தாங்கள் அறிந்தவை. தமிழ்நாட்டில் தொன்மைப் பழங்குடியினர் என்று வகைப்படுத்தப்பட்ட ஆறு இனங்களும் வாழும் மாவட்டம் இது என்பதையும் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குறைகளைக் கீழே பணிவுடன் தெரிவிக்கிறோம்.

1. எங்கள் வீடுகளில் பேசுவது தமிழ் அல்ல. பணியர் மொழி மலையாளத்தை ஒட்டியது. காட்டுநாயக்கர் மொழி கன்னடத்தை ஒட்டியது. ஆறு வயதில் பள்ளிக்குப் போகும் பிள்ளை முதல் நாளிலிருந்தே தமிழில் பாடம் கேட்கிறது.

2. ஆசிரியர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. சமவெளியிலிருந்து மாறுதலில் வருகிறவருக்கு எங்கள் மொழியில் ஒரு நாள் பயிற்சிகூட யாரும் கொடுப்பதில்லை. அவர் தமிழில் கேட்கிறார், பிள்ளை விழிக்கிறது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் எங்கள் பிள்ளைகள் முதல் நிலையான அரும்பிலேயே நிற்கிறார்கள். அடுத்த நிலையான மொட்டுக்குப் போவதற்குள் பலர் பள்ளியையே விட்டுவிடுகிறார்கள். பதிவேட்டில் அதற்குப் பெயர் இடைநிற்றல். அந்தப் பிள்ளை கேட்ட பாடம் புரியவில்லை என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை.

3. எங்களை எல்லாவற்றையும் விட வருத்துவது இதுதான். உறைவிடப் பள்ளியில் தங்கிப் படிக்கும் முதல் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு மழைக்கால இரவில் காது வலி. காப்பாளர் "என்ன, என்ன" என்று கேட்டிருக்கிறார். அவள் எங்கள் மொழியில் சொல்லச் சொல்ல அவருக்குப் புரியவில்லை. வீட்டு நினைப்பில் அழுகிறாள் என்று நினைத்துப் போர்வையைப் போர்த்திவிட்டுப் போய்விட்டார். காலையில் தலையணையில் சீழ். நான்காம் வகுப்பு படிக்கும் எங்கள் பெண் ஒருத்தி வந்து சொன்ன பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பள்ளியில் இன்றைக்கும் மொழிபெயர்ப்பாளர் அந்த நான்காம் வகுப்புப் பெண்தான். சாப்பாடு போதவில்லை என்றாலும் அவள், காய்ச்சல் என்றாலும் அவள், கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கவும் அவள். தன் பாடத்தை எப்போது படிப்பாள்? அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் போய்விட்டால் சின்னப் பிள்ளைகள் யாரிடம் சொல்வார்கள்? பத்து வயதுப் பெண் பார்க்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிற பெரியவர் ஒருவரைப் போடுங்கள் என்று கேட்பது பேராசையா, ஐயா?

4. ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த எங்கள் பெண் ஒருத்தி இன்று தோட்டத்தில் தேயிலை பறிக்கிறாள். தகுதித் தேர்வில் தேறவில்லை என்பது ஒரு காரணம். படித்த இரண்டு ஆண்டுகளிலும் தன் தாய்மொழியை எப்படிக் கற்பிப்பது என்று அவளுக்கு ஒரு பாடமும் இல்லை என்பது இன்னொன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருப்பவர்களும் உண்டு.

5. 2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் உள்ளிட்டோரின் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தார்கள். மகிழ்ச்சிதான், எங்கள் மொழிகளையும் பதிவு செய்யுங்கள். ஆனால் பதிவு செய்த குரல் வகுப்பில் நின்று பாடம் நடத்துமா? எங்கள் பாட்டிமார் பாடுவதை ஒலிப்பதிவு செய்ய ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். அந்தப் பாட்டைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கப் பள்ளியில் ஒரு ஆள் இல்லை!

6. சட்டமும் எங்கள் பக்கம்தான். 1956-இல் அரசியலமைப்பில் சேர்த்த 350ஏ பிரிவு தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்யச் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஒடிசாவில் 2007-இல் பத்துப் பழங்குடி மொழிகளில் கற்பிக்கத் தொடங்கி 21 மொழிகள் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

தமிழ் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்க வேண்டும். அதற்கு முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் அவர்கள் மொழியில் பேசும் ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும்.

ஆகவே, எங்கள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகையுடன் பயிற்சி அளித்து, தகுதி விதிகளைத் தளர்த்தி, மொழி ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். மூத்தவர்களை மதிப்பூதியத்தில் அழைத்து, அவர்களோடு உட்கார்ந்து பாடநூல் எழுத வேண்டும். பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தை இதில் ஈடுபடுத்தலாம். இங்கே மாறுதலில் வரும் ஆசிரியர்களுக்கும் காப்பாளர்களுக்கும் பணியில் சேருமுன் எங்கள் மொழியில் அடிப்படைப் பயிற்சி தர வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் காலம் பிடிக்கும் என்றால், உறைவிடப் பள்ளிகளில் மட்டுமாவது எங்கள் மொழி பேசும் ஒருவரை இந்தக் கல்வியாண்டிலேயே நியமியுங்கள், ஐயா. மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம்: ஒருவரையாவது நியமியுங்கள். இந்த முறை ஒப்புகைச் சீட்டோடு எங்களை அனுப்பிவிடாமல், எழுத்துப்பூர்வமாகப் பதில் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைக்கப்பட்டுள்ளன)