பாய்க்கு அடியில் பார்த்தது

அன்புள்ள நெட்டை,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. வேலை, வீடு, அது இது என்று காரணம் சொல்லலாம், நீ நம்பமாட்டாய். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை மாறிவிட்டான், சின்னவன் எதிலும் மாறவில்லை. நம் ஹாஸ்டல் வார்டன் போய்ச் சேர்ந்ததை ஒட்டடைதான் சொன்னாள். அழுகை வருமா என்று பார்த்தேன், அந்தச் சாவிக்கொத்துச் சத்தம்தான் காதில் கேட்டது. சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

நான் பாய்மரப் படகுப் பந்தயத்தில் கலந்துகொண்டேன்.

நீ சிரித்து முடி, நான் காத்திருக்கிறேன்.

ஆமாம், நானேதான். ஏரியில் மிதிபடகில் ஏறுவதற்கே உன் தாவணியைக் கிழித்த அதே குட்டைதான். என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் அத்தைக்கு முப்பத்தாறு அடிப் படகு ஒன்று இருக்கிறது. எட்டுப் பேர் வேண்டும். ஒருவர் கையை முறித்துக்கொண்டார். "உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "கத்தத் தெரியுமா?" என்றாள். அதுவும் தெரியும் என்றேன். இரண்டாவது பதில் பொய் என்பது எனக்கே அப்போது தெரியாது.

அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. வாழ்நாளெல்லாம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். குரல் உயராது, உயர வேண்டியதும் இல்லை. நம் ஜியாமெட்ரி பாக்ஸ் மேடத்தை அப்படியே உரித்து மழைக்கோட்டு மாட்டினால் இவர்தான். ஏறிய முதல் பத்து நிமிடத்தில் எனக்கு மூன்று விஷயம் சொன்னார். உயிர்க்கவசத்தில் காலுக்கு இடையே போகும் பட்டையைக் கட்டாவிட்டால், தண்ணீரில் விழும்போது கவசம் மேலே போகும், நீ கீழே போவாய். வின்ச்சில், அதாவது கயிறு இழுக்கும் உருளையில், கயிற்றை எப்போதும் வலஞ்சுழியாகத்தான் சுற்ற வேண்டும், விரலை உள்ளே விடக் கூடாது. பாயின் அடிக்கட்டை, பூம் என்கிறார்களே அது, திரும்பும்போது தலை குனி. மூன்றாவது உனக்குத்தான் பொருந்தும். நான் நிமிர்ந்து நின்றாலே அது என் தலைக்கு மேலேதான் போகிறது. முதல் முறையாகக் குட்டையாகப் பிறந்ததற்கு மகிழ்ந்தேன்.

பந்தயம் வைட் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. இங்கிலாந்தின் தெற்குக் கரைக்கு எதிரே இருக்கிற தீவு. கௌஸ் துறையிலிருந்து மேற்கே போய், நீடில்ஸ் பாறைகளைத் தாண்டி, தெற்கே செயின்ட் கேத்தரின் முனையைச் சுற்றி, பெம்பிரிட்ஜ் வழியாகத் திரும்பக் கௌஸுக்கே. 50 கடல் மைல், அதாவது 92 கிலோமீட்டருக்கு மேல். 1931இல் 25 படகுகளோடு ஆரம்பித்தது, இப்போது ஆயிரத்தை ஒட்டி வருகின்றன. 1851இல் இதே தீவைச் சுற்றித்தான் 'அமெரிக்கா' என்ற படகு ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுபோனது. அமெரிக்கா கோப்பை என்கிற பெயர் நாட்டினால் வந்தது இல்லையாம், படகினால் வந்ததாம். இங்கிலாந்துக்காரர்களால் அதைத் திரும்ப வாங்கவே முடியவில்லை. அத்தையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "கயிற்றைச் சுருட்டு" என்றார்.

விடியற்காலையிலேயே கிளம்புவது எதற்கு என்றால், தண்ணீர் வற்றும் நேரத்தில் நீரோட்டம் மேற்கே இழுக்கும்; அது சும்மா கிடைக்கிற வேகம். ஆனால் அன்று காற்று தென்மேற்கிலிருந்து. காற்று ஒரு பக்கம் தள்ள, நீர் எதிர்ப்பக்கம் ஓட, அலையெல்லாம் குட்டை குட்டையாகச் செங்குத்தாக எழும்பிவிடுகிறது. பீரங்கி வெடித்து இருபதாவது நிமிடத்தில் நான் வாந்தி எடுத்தேன். அதை விவரிக்கப் போவதில்லை. காற்று அடிக்கும் பக்கத்தில் எடுக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வை.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

பாய்ப்படகு காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போகாது. ஏறத்தாழ 45 பாகை ஒதுங்கித்தான் போகும். அதனால் காற்று எதிரே இருந்தால், கொஞ்ச தூரம் இப்படி, திரும்பி, கொஞ்ச தூரம் அப்படி என்று கோணல்மாணலாகப் போக வேண்டும். நம் தையல் டீச்சர் பார்த்திருந்தால் அத்தனையையும் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பார். ஒரு படகு அப்படிப் போனால் அழகு. நூற்றுக்கணக்கான படகுகள் ஒரு கால்வாய் அகலக் கடலில் அப்படிப் போனால், ஒவ்வொரு நிமிடமும் யாராவது யாரையாவது குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்கு ஒரு விதி உண்டு. வலப்பக்கத்தில் காற்று வாங்கிப் போகிற படகுக்குத்தான் வழி. இடப்பக்கத்தில் வாங்குகிறவர்கள் ஒதுங்க வேண்டும். வழி உள்ளவர் "ஸ்டார்போர்ட்!" என்று கத்துவார், வலப்பக்கம் என்று அர்த்தம். ஒதுங்கத் தவறினால் நாமே இரண்டு வட்டம் அடித்துத் தண்டனையைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு படகுக்கும் பின்னால் ஒரு நடுவர் வருவதில்லை, நம் யோக்கியதைதான் நடுவர்.

இதில் ஒரு சிக்கல். படகு சாயும்போது எல்லோரும் மேலே தூக்கிய விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து எடை கொடுக்கிறார்கள். தாழ்ந்த பக்கத்தில் முன்பாய் ஒரு சுவர் மாதிரி தளம் வரைக்கும் இறங்கி நிற்கிறது. சுக்கான் பிடிப்பவருக்கு அந்தச் சுவருக்குப் பின்னால் எதுவும் தெரியாது. நாங்கள் இடப்பக்கம் காற்று வாங்கி மேற்கே போகும்போது, வழி உரிமை உள்ள படகுகள் சரியாக அந்த மறைவிலிருந்துதான் வருகின்றன. ஆகவே எடை குறைந்த ஒருவர் தாழ்ந்த பக்கம் இறங்கி, குந்தி, பாய்க்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எட்டுப் பேரில் எடை குறைந்தவள் யார், ஆள் குட்டை யார் என்று நீயே சொல்.

பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுப் படகுகளைச் சொன்னேன், எல்லாம் தூரத்தில் இருந்தவை. அப்புறம் ஒன்று, கருநீல உடல், பாய்க்கு அடியில் திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் மூக்குக் கண்ணாடி இருந்தது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பயந்து உறைந்துபோனேன் என்று நினைக்காதே. அப்படி இருந்தால் மன்னிக்கலாம். என் மண்டைக்குள் மிகத் தெளிவாக ஒரு வாக்கியம் ஓடியது: 'இத்தனை வருடம் படகு ஓட்டுகிறவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும்?' தெரிந்த ஒன்றைக் கத்திச் சொல்லி அசடு வழிவானேன் என்று இருந்தேன். அந்தப் படகிலிருந்து அலறல் கேட்ட பிறகுதான் அத்தை சுக்கானை ஒரேயடியாகத் தள்ளினார். எங்கள் படகு திரும்பியது, மேலே இருந்தவர்கள் கீழே, கீழே இருந்த நான் முட்டி வரை தண்ணீரில். அவர்கள் பக்கவாட்டில் உரசாமல் போனார்கள். கையை நீட்டினால் அந்தக் கண்ணாடியைக் கழற்றியிருக்கலாம். அவர்கள் திசை மாற்றவில்லை, அதனால் தண்டனை வட்டம் இல்லை. அவர்கள் சொன்ன சொற்களை எழுத மாட்டேன்.

அத்தை என்னைத் திட்டவே இல்லை. கயிறெல்லாம் சரிசெய்த பிறகு, "எப்போது பார்த்தாய்?" என்று கேட்டார்.

"ஐந்து விநாடிக்கு முன்னால்."

"ஏன் சொல்லவில்லை?"

"உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்."

"எனக்குத் தெரிந்தால் உன்னை எதற்கு அங்கே உட்காரவைத்தேன்?"

அவ்வளவுதான். மறுபடி அதே இடத்தில் குந்தச் சொன்னார்.

மீதிப் பந்தயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீடில்ஸ் பாறைகளில் ஊசி மாதிரி இருந்த ஒன்று 1764 புயலில் விழுந்துவிட்டதாம். மிச்சமுள்ளவை கடைவாய்ப் பல் மாதிரி இருக்கின்றன, பெயர் மட்டும் ஊசி. அதன் ஓரத்தில் 1947இல் உடைந்த ஒரு கப்பலின் சிதைவு நீருக்கடியில் கிடக்கிறது. மூலையைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் படகுகள் அதில் முட்டிக்கொள்ளும். அத்தை அதைச் சுற்றித் தாராளமாக இடம்விட்டுப் போனார். அதற்குப் பிறகு ஸ்பின்னேக்கர் என்ற அந்தப் பலூன் பாயை ஏற்றினார்களே, பார்க்க வேண்டும் நீ. ஆயிரம் கல்யாணப் பந்தல் கடலில் ஓடுவது போல. பெம்பிரிட்ஜ் தாண்டி, மணல்திட்டில் தரைதட்டி நின்ற இரண்டு படகுகளுக்குக் கை காட்டிவிட்டு வந்தோம். ஒன்பது மணி நாற்பது நிமிடம். 2017இல் மூன்று உடல்கள் சேர்ந்த ஒரு படகு இதை இரண்டரை மணிக்குள் முடித்திருக்கிறது. எங்களுக்கு எந்த இடம் என்று கேட்காதே.

அன்று இரவு அத்தை காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். திட்டுவதற்கு அல்ல, கணக்கு என்றால் அவருக்கு ஆசை. இரண்டு படகும் ஆறு நாட் வேகம், அதாவது மணிக்கு ஆறு கடல் மைல், செங்குத்தாகக் குறுக்கே வந்தால் ஐந்து விநாடியில் இடைவெளி ஏறக்குறைய 22 மீட்டர் குறையும். எங்கள் படகின் நீளம் 11 மீட்டர். நான் பேசாமல் இருந்தது இரண்டு படகு நீளம். ஆறு நாட் என்பது ஒரு கிழவர் சைக்கிள் மிதிக்கிற வேகம்தான் தெரியுமா?

தூக்கம் வரவில்லை. படுக்கை சவப்பெட்டி அகலம், தலைக்கு மேலே யாரோ குறட்டை. மூன்றாம் வருடம், கடைசி அறைக்காரி, மொட்டை மாடி. அதுதான் ஞாபகம் வந்தது. நாம் இரண்டு பேரும் பார்த்தோம். வார்டனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நீ சொன்னாய், நானும் சொன்னேன். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நாம் பேசியதில்லை, இப்போதும் பேச வேண்டாம். ஞாபகம் வந்தது, சொன்னேன்.

மறுநாள் பந்தயக்காரர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் நால்வர் கரையோரமாக மேற்கே டார்ட்மௌத் வரை போனோம். பந்தயம் முடிந்த படகு வேறு மனுஷி. யாரும் யாரையும் விரட்டவில்லை. எல்லாம் நன்றாகப் போனது, போர்ட்லாண்ட் முனை வரும்வரை. நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கிறது. அதன் இருபுறமும் நீர் தெற்கே பாய்ந்து, நீருக்கடியில் இருக்கும் திட்டில் ஏறி, முனைக்கு எதிரே கொதிக்கிற உலை மாதிரி புரளும். ஒன்று பல மைல் தள்ளிச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் நீரோட்டம் அடங்கும் சிறு நேரம் பார்த்து, கலங்கரை விளக்கத்துக்குக் கல்லெறி தூரத்தில் ஒட்டிப் போக வேண்டும். அத்தை ஒட்டிப் போனார். அங்கே நண்டுப் பொறிகளின் மிதவைகள் நீரில் பாதி முங்கிக் கிடக்கும், கயிறு சுக்கானில் சிக்கினால் அந்த இடத்தில் வம்புதான். என்னை அணியத்தில் உட்காரவைத்தார்.

முதல் மிதவைக்கு நான் கத்திய கத்தலில் கரையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது மிதவை இல்லை, கடற்காக்கை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்துபோனது. மூன்று பேரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார், ஆனால் ஒதுங்கிவிட்டுத்தான் சிரித்தார். இரண்டாவது நிஜ மிதவை. மூன்றாவதும்.

நெட்டை, பிப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. முன்னால் பேத்தி நடந்த கதை, பின்னால் வாசல் கதவுக்குப் பெயின்ட். நடுவில், 'மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இடது கை மரத்துப்போகிறது, வயசாகிவிட்டது போல.' நான் அதை மூன்று தடவை படித்தேன். உன் வீட்டுக்காரர் கூடவே இருக்கிறார், மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கடிதத்தை மடித்து வைத்தேன். நாலு மாதம் பதில் எழுத முடியாததற்கு வேலை காரணம் இல்லை.

அவர்களிடம் சொன்னாயா? எனக்கு எழுதினாயே, அவர்களுக்குத் தெரியுமா?

ஈசிஜி எடுத்திருந்தால் என்ன சொன்னார்கள் என்று எழுது. எடுக்கவில்லை என்றால் இதை இப்படியே மேஜையில் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு. மகளைக் கூட்டிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்வேன், கதவுப் பெயின்ட்டைப் பற்றிப் பேசினால் அலறுவேன், இப்போது எனக்கு நன்றாக வருகிறது. கடற்காக்கையாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம்.

உன்
குட்டை