மாடிக் கொட்டகை

டொரொண்டோ
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்ல மாலதி எழுதின கடிதம் வந்து ஆறு வாரம் ஆச்சு. பதில் போடாததுக்குக் கோச்சுக்காதே. நான் நல்லா இருக்கேன். குளிர்தான், நேத்து மைனஸ் 18. சாப்பாட்டுக்குக் குறையில்ல. யாழ்ப்பாணத்துக்காரர் கடையில இடியாப்பம் கிடைக்குது. கத்திரிக்காய்தான் நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ருசிக்கு வராது.

அப்பா படம் ஓட்டின நம்ம சினிமாக் கொட்டகையை இடிக்கப் போறாங்கன்னு அதுல படிச்சதுலேருந்து மனசே சரியில்ல. இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லு. சாயங்காலம் ரூம்ல சும்மா இருப்பானேன்னு, வாரத்துல மூணு நாள் யங் தெருவுல ஒரு தியேட்டருக்கு வேலைக்குப் போறேன். 1913ல திறந்தது. பேரு மாறி மாறி இப்ப எல்ஜின். அப்பா நம்பமாட்டார், கொட்டகைக்கு மேல இன்னொரு கொட்டகை! ஏழு மாடி உயரத்துல, 'வின்டர் கார்டன்'னு பேரு. பாட்டு, நாடகம், வித்தை எல்லாம் நடந்த இடம். 1928ல மேல இருக்கறதைப் பூட்டிட்டாங்க, கீழ சினிமா மட்டும் ஓடிச்சு. போகப்போகக் கண்ட படமும் போட்டுப் பாழாப்போச்சு. 1981ல இந்த மாகாணத்துப் பாரம்பரிய அமைப்பு வாங்கிச் சரிபண்ணி, 1989ல மறுபடி நாடகத்துக்கே திறந்துட்டாங்க. அத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த மாடியில பழைய சீன் படுதாவெல்லாம் அப்படியே இருந்துச்சாம். சுவரெல்லாம் தண்ணிச் சாயத்துல வரைஞ்ச பூங்கொடி. துணியை நனைச்சுத் துடைச்சா கரைஞ்சிடும்னு, பச்சை ரொட்டி மாவை உருட்டி உருட்டி ஒத்தி அழுக்கை எடுத்திருக்காங்க. நீ சப்பாத்திக்குப் பிசையற மாதிரி மாவும்மா. கூரை முழுக்க நிஜ இலை, கொத்துக் கொத்தாத் தொங்குது.

போன வாரம் எல்லாரும் போனப்புறம் அதுக்குக் கீழ தனியா நின்னேன். அப்பா சட்டையில வருமே, புரொஜெக்டர்ல வெளிச்சத்துக்கு எரியற அந்த கார்பன் குச்சி வாசனை ஞாபகம் வந்துடுச்சு. ரீல் மாத்தறதுக்கு முன்னாடி அவர் டீயில பாதியை மூடியில ஊத்தி எனக்குக் குடுப்பாரே. அங்கேயே உக்காந்து அழுதுட்டேன்.

புரொஜெக்டரை எடைக்குப் போடறாங்கன்னா, லென்ஸையாவது முதலாளிகிட்ட கேட்டு வாங்கிடுங்க. மாமாவை அனுப்பு. இடிக்கறப்போ அப்பா அந்தப் பக்கம் போகவே வேணாம். அவர் கண் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்களா? இந்த மாசப் பணம் பிப்ரவரியோட சேர்ந்து வரும், பேங்க்ல கொஞ்சம் தாமதம். சீட்டுக் காசுக்கு சித்திகிட்ட கைமாத்து வாங்கிக்கோ. பெரியப்பா பட்டா விஷயமா வந்தா, மாமா படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதே.

உன் மகன்,
குமார்