சுகவனிதையர் கிளினிக்கில் கேட்கப்படாத கேள்விகள்

வட மாகாணச் சுகாதாரத் துறையினருக்கும் யாழ்ப்பாண மாவட்டச் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்,

மதிப்பிற்குரியீர்,

மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்கள் படும் அவதி பற்றி, 54 வயதான ஓர் ஆசிரியையாக இம்மடலை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், பின்னிரவு மூன்று மணியளவில் நெஞ்சு படபடக்க, முகமும் கழுத்தும் தணலாய்க் காந்த, சட்டை வியர்வையில் நனைந்தபடி விழித்தெழுவது எனக்கு வழக்கமாயிற்று. வைத்தியசாலை ஒன்றில் பிரஷரும் சீனியும் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. "யோசியாதையுங்கோ அம்மா, இந்த வயசில இது வரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்னது பிழையன்று, போதாது என்பதே என் முறைப்பாடு.

நாம் "யோசனை" என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் நிலைக்கு உடலில் தெளிவான வழி உண்டு. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகளைத் தூண்ட, அங்கிருந்து மன அழுத்த ஹோர்மோனான கோட்டிசோல் சுரக்கிறது. விடியலில் உயர்ந்து நள்ளிரவில் மிகத் தாழ்வதே அதன் இயல்பு. உடல் வெப்பத்தை ஆள்வதும் அதே ஹைப்போதலாமஸ்தான். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறையும்போது, உடல் பொறுத்துக்கொள்ளும் வெப்ப எல்லை ஒடுங்கி, மிகச் சிறிய உயர்வுக்கும் வியர்த்துக் கொட்டுகிறது. வியர்வை உறக்கத்தைக் கலைக்க, கலைந்த உறக்கம் மறுநாள் மாலையிலும் கோட்டிசோலைத் தாழவிடாமல் பிடித்துவைக்கக்கூடும். அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடுவயதுப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இம்மாற்றத்தின் பிற்கட்டத்தில் சிலருக்கு இரவுநேரக் கோட்டிசோல் உயர்ந்ததும், அவர்களிடம் வெப்ப அலைகள் கடுமையாக இருந்ததும் காணப்பட்டன. எல்லாப் பெண்களுக்கும் அப்படியல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெடுநாள் உயர்ந்து நிற்கும் கோட்டிசோல் இரத்தச் சீனியை ஏற்றும், வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும், எலும்பைத் தேய்க்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததால் ஏற்கெனவே தேயத் தொடங்கிய எலும்புக்கு இது இரட்டைச் சுமை. போரில் துணையை இழந்தோ, காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடியோ 2009 முதல் உறங்காத தாய்மார் பலர் இவ்வயதைக் கடந்துகொண்டிருக்கும் மண்ணில், இதை வெறும் வயதின் குணமென்று விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வீட்டிலோ "விசர்க்கோலம்" என்ற பட்டம்தான் கிடைக்கிறது.

1996 முதல் நாட்டில் இயங்கும் சுகவனிதையர் கிளினிக் 35 வயதைக் கடந்த பெண்களை மார்பகம், கருப்பைக் கழுத்து, நீரிழிவு, குருதியமுக்கம் ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கிறது. அங்கேயே உறக்கம், இரவு வியர்வை, படபடப்பு, மனச்சோர்வு பற்றி நாலு கேள்விகள் கேட்டு கிளினிக் கொப்பியில் எழுதினால் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. கர்ப்பிணித் தாய்மாரின் வீடுதோறும் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கு அவ்வீட்டின் ஐம்பது வயது அம்மாவையும் தெரியும். படபடப்புக்குத் தைரொயிட்டும் இரத்தச் சோகையும் காரணமாகலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிட வேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் இரத்தம் கண்டால் தாமதமின்றி மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஹோர்மோன் சிகிச்சை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் வைத்தியர் வாயாலேயே கேட்க விரும்புகிறோம்.

இன்னொன்று: தனியார் ஆய்வுகூடங்களில் காசு கொடுத்துக் கோட்டிசோல் பார்க்க ஓடுபவர்களையும் காண்கிறேன். நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும் ஹோர்மோனை ஒருமுறை அளந்து மன உளைச்சலை எடைபோட முடியாதென்பதை உங்கள் கிளினிக் சுவரில் தமிழில் எழுதி ஒட்டினால், அந்தக் காசாவது மிஞ்சும்.

இங்ஙனம்,
ஓர் ஆசிரியை,
யாழ்ப்பாணம்.