நுழைவு அட்டை மேம்பாட்டுப் பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானப்படி நம் குடியிருப்பின் கதவு ரீடர்களையும் நுழைவு அட்டைகளையும் மேம்படுத்தும் பணி முடிந்துவிட்டது. முன்வாசல், படிக்கட்டுக் கதவுகள், லிஃப்ட், வாகன நிறுத்தம் எல்லாவற்றிலும் புதிய ரீடர்கள் ஓடுகின்றன. உங்கள் பழைய அட்டை உங்களிடமேதான் இருக்கிறது. அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் வட்ட டேக்தான் (உள்ளே சில்லும் சுருளும் உள்ள ஸ்டிக்கர்) இனி கதவைத் திறக்கும். "புது கார்டு தருவீர்கள் என்று பார்த்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறீர்களே" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில், எதற்காக மாற்றினோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். நம்மிடம் இருந்தவை 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரீடரோடு பேசும் அட்டைகள். உள்ளே பேட்டரி கிடையாது. ரீடரின் காந்தப்புலத்துக்குள் வந்ததும் அட்டையின் செப்புச் சுருளில் மின்சாரம் பாயும். சில்லு விழித்துக்கொண்டு தன் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கேட்பது நம் ரீடரா, வேறொருவர் பையில் இருக்கும் கருவியா என்று அது பார்ப்பதில்லை. அந்த எண்ணைப் படித்து, டி5577 போன்ற மறுபடி எழுதக்கூடிய சில்லில் பதிக்கச் சில நொடிகள் போதும். வீட்டைக் காலி செய்தவரின் அட்டையை வாங்கி ரத்து செய்துவிடலாம். ஆனால் இங்கேயே இருப்பவரின் அட்டைக்கு எத்தனை நகல்கள் வெளியே உலவுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சங்கத்துக்கு இருந்த உண்மையான கவலை இதுதான்.

ஏன் ஒட்டும் டேக்? அட்டையில் உங்கள் படமும் வீட்டு எண்ணும் அச்சாகியிருக்கின்றன. அதைத் தூக்கிப்போட்டு எல்லோருக்கும் மறுபடி படம் எடுத்து அச்சிட வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மாற்றக் காலம். எல்லா ரீடர்களையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. புதிய டேக் 13.56 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது, பழைய சில்லு 125 கிலோஹெர்ட்ஸில். அலைவரிசைகள் இவ்வளவு தள்ளி இருப்பதால் ஒரே அட்டையில் இரண்டும் சண்டை போடாமல் இருக்கும். காலையில் பழைய ரீடர் இருந்த கதவில் மாலையில் புதியது வந்தாலும் யாரும் வெளியே மாட்டிக்கொள்ளவில்லை. 125 கிலோஹெர்ட்ஸ் அட்டை மேலேயே இன்னொரு 125 கிலோஹெர்ட்ஸ் டேக்கை ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, ரீடருக்கு ஒன்றும் விளங்காமல் போயிருக்கும்.

டேக் வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் குழு அதிக நேரம் செலவிட்டது. வந்த விலைப்புள்ளிகள் எல்லாவற்றிலும் "13.56 ஸ்மார்ட் டேக்" என்றே எழுதியிருந்தது, உள்ளே இருந்த சரக்கு வேறு வேறு. மைஃபேர் கிளாசிக் வகையை உடனே ஒதுக்கினோம். அதன் கிரிப்டோ1 குறியாக்கம் உடைபட்டது 2008-லேயே ஊரறிந்த விஷயம். டெஸ்ஃபயர் வகையைத் தேர்ந்தெடுத்தோம். அதில் இருப்பது 128 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம். டேக்கும் ரீடரும் ஒன்றையொன்று சோதித்து, இரண்டிலும் ஒரே ரகசியச் சாவி (குறியாக்கத்துக்கான ரகசிய எண்) இருப்பது உறுதியான பிறகே, உள்ளே பூட்டியிருக்கும் நுழைவு எண் வெளியே வரும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. டெஸ்ஃபயர் டேக்கை வாங்கிவிட்டு, ரீடரை, சில்லில் தொழிற்சாலையிலேயே பதித்த வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்துவிட்டால் பழைய கதைதான். அந்த வரிசை எண்ணுக்குப் பூட்டு கிடையாது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அமைப்பது சுலபம் என்பதால் பல இடங்களில் இப்படியே விட்டுவிடுகிறார்கள். அதனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன், நம் சாவி எழுதப்படாத வெற்று டேக் ஒன்றை ஒவ்வொரு ரீடரிலும் காட்டிப் பார்த்தோம். விளக்கு நிறம் மாறவில்லை, பீப் இல்லை, ரீடர் அனுப்பும் எண்ணைப் பார்த்துக் கதவைத் திறக்கும் கருவியான கன்ட்ரோலரின் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஏதாவது எண் ஏறியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டோம்.

ரீடரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் கம்பியையும் விடவில்லை. முன்பு இருந்தது வீகாண்ட் எனும் பழைய வகை இணைப்பு. இரண்டு டேட்டா கம்பிகளில் எண் அப்படியே, எந்த மறைப்பும் இல்லாமல் போகும். ரீடரின் மூடியைக் கழற்றிக் கம்பியில் ஒரு சிறு பலகையைச் செருகினால் வருகிறவர் போகிறவர் எண் எல்லாம் கிடைத்துவிடும். இப்போது ரீடரும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் ஓஎஸ்டிபி என்ற முறைக்கு மாறியிருக்கிறோம். 2020 முதல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமாகவும் உள்ள முறை அது. கம்பிக்குள் போவதும் குறியாக்கத்தோடு போகிறது. இதற்கு முறுக்கிய இணைக் கம்பி தேவைப்பட்டதால் லிஃப்ட் பகுதியில் புதிதாகக் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் வேலை கடைசியாக முடிந்ததற்கு அதுவே காரணம்.

பழைய பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும்போது ஒரு வேடிக்கை. பழைய அட்டைகளில் இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். உதாரணத்துக்கு, இடப்பக்கம் 0001234567, வலப்பக்கம் 018,54919. பார்க்க வெவ்வேறு எண்கள்; உண்மையில் ஒன்றேதான். 18-ஐ 65536-ஆல் பெருக்கி 54919-ஐக் கூட்டிப் பாருங்கள், 1234567 வரும். ஆண்டுக்கணக்கில் அலுவலகத்தில் மாறி மாறி வந்தவர்களில் சிலர் இடப்பக்க எண்ணையும், சிலர் வலப்பக்க எண்ணையும், சிலர் கமாவுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாவது வகையைச் சரிபார்க்க அட்டையை நேரில் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்களில் சிலரைத் திரும்பத் திரும்ப அலுவலகத்துக்கு அழைத்தது இதற்காகத்தான், பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

ஒட்டும் வேலையை உறுப்பினர்களிடம் விடாமல் அலுவலகத்திலேயே செய்தோம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அட்டையைத் துடைத்து, காய்ந்த பிறகு, படத்துக்குப் பின்பக்கம், கயிறு மாட்டும் துளையிலிருந்து விலக்கி ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினோம். இந்த வகைப் பசை முழுப்பிடிப்பு அடைய மூன்று நாள் வரை ஆகும். அதற்குள் இறுக்கமான உறையில் செருகியவர்களின் டேக் ஓரத்தில் கிளம்பியிருக்கலாம். கிளம்பினால் நகத்தால் நெம்பாதீர்கள், உள்ளே இருக்கும் சுருள் மெல்லியது. அலுவலகத்தில் கொடுங்கள், வேறு டேக் ஒட்டித் தருகிறோம்.

அப்புறம், வந்த புகார்கள். "முன்பு தூரத்திலிருந்தே திறந்தது, இப்போது ஒட்டி வைக்க வேண்டியிருக்கிறது" என்பது உண்மை. டேக்கின் சுருள் அட்டைச் சுருளைவிடச் சிறியது. தூரம் குறையத்தான் செய்யும். "பர்ஸோடு காட்டினால் திறக்கவில்லை" என்பதற்குக் காரணம் பர்ஸில் இருக்கும் வங்கி அட்டை. தட்டிச் செலுத்தும் வங்கி அட்டைகளும் இதே 13.56-இல் பேசுகின்றன, இரண்டு அட்டை தெரிந்தால் நம் ரீடர் இரண்டையுமே மறுத்துவிடும். அட்டையை வெளியே எடுத்துக் காட்டுங்கள். டேக்கைக் கைபேசியின் பின்னால் ஒட்டித் தரக் கேட்டவர்களுக்கு மறுத்திருக்கிறோம். உலோகப் பரப்பில் ஒட்டினால் சாதாரண டேக் செயலிழக்கும். வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் டேக் சூடாகிக் கெட்டுப்போகலாம்.

மின்சாரம் போனாலும் தீ எச்சரிக்கை ஒலித்தாலும் வெளியேறும் வழியில் உள்ள மின்காந்தப் பூட்டுகள் தாமாக விடுபடுகின்றன. நேரில் சோதித்துப் பதிவு செய்திருக்கிறோம்.

கடைசிக் கட்டமாக, ரீடர்களில் 125 கிலோஹெர்ட்ஸ் வாசிப்பை முழுவதும் அணைத்துவிட்டோம். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்று சிலர் கேட்டார்கள். குழு ஒப்புக்கொள்ளவில்லை. புதிய ரீடர் பழைய எண்ணையும் ஏற்றுக்கொண்டிருக்கும் வரை பழைய நகல்களும் கதவைத் திறந்துகொண்டுதான் இருக்கும். இத்தனை செலவும் வீண். டேக் ஒட்டாத பழைய அட்டை இன்னும் யாரிடமாவது இருந்தால் அது இனி வெறும் பிளாஸ்டிக்.

குறியாக்கச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நிறுவிய நிறுவனத்திடம் மட்டுமே சாவி இருந்தால், நாளை ஒரே ஒரு டேக் கூடுதலாக வாங்கக்கூட அவர்களிடமே போய் நிற்க வேண்டும். ஆகவே சாவி சங்கத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம். அது இரண்டு பாதியாக, முத்திரையிட்ட உறைகளில், செயலாளரிடம் ஒன்றும் பொருளாளரிடம் ஒன்றும் உள்ளது. பொறுப்பு மாறும்போது உறைகளும் கைமாறியதைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் அலுவலகத்தில் உள்ளன. அலுவலக நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம். அட்டை தொலைந்தால் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். ரத்து செய்வது ஒரு நிமிட வேலை. அட்டை கிடைத்துவிட்டால் மறுபடி சேர்ப்பதும் அப்படியே.

இப்படிக்கு,
செயற்குழு