டீ டம்ளரும் சிவப்பு மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் தாவர பாலிஃபீனால்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நெல்லிக்காய், நாவல்பழம், கேழ்வரகு, டீ என்று பலவற்றில் இருக்கும் இந்தத் துவர்ப்புச் சத்து உடம்புக்கு நல்லது என்று எழுதியிருந்தீர்கள். சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால், பெண்கள் அதிகம் படிக்கும் பக்கத்தில் ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போய்விட்டது. அதே துவர்ப்பு நாம் சாப்பிடும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மருமகளுக்கு ஐந்தாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.6. இரும்புச்சத்துக்கான சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் விடாமல் போட்டாள். ஏழு வாரம் கழித்துப் பார்த்தால் 8.8. பரிசோதனைக்குப் போன இடத்தில், "மாத்திரைய ஒழுங்கா போடறதில்லையா?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார்கள். அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். அப்புறம் எங்கள் பகுதி செவிலியர் அம்மா வீட்டுக்கு வந்தபோதுதான், "எதோட போடுற கண்ணு?" என்று கேட்டார். காலையில் இட்லி சாப்பிட்டதும் சூடாக டீ குடிப்பாள். அந்த டீயிலேயே மாத்திரையை விழுங்கிவிடுவாள். தினமும் அந்த டீயைப் போட்டு அவள் கையில் கொடுத்தது நான்தான்.

வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நறுக்க நறுக்க விரல் கறுக்கும், அரிவாள்மனையும் கறுக்கும். பூவின் துவர்ப்பு இரும்பில் படுகிற இடம் மை பூசியதுபோல் ஆகிவிடும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இப்படித்தான். துணியில் முதலில் கடுக்காய்த் துவர்ப்பை ஏற்றி, அதன்மேல் இரும்புச் சாயத்தால் எழுதுவார்கள். டீயின் துவர்ப்பும் வயிற்றில் இரும்போடு அப்படித்தான் சேர்ந்துகொள்கிறது. அப்படிச் சேர்ந்த இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாது. கீரை, பருப்பு, கேழ்வரகு இவற்றில் இருக்கும் இரும்புக்கும் இதே கதிதான். இறைச்சியில் உள்ள இரும்பை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

1999-இல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டியோடு கறுப்புத் தேநீர் குடித்தவர்களுக்கு அந்த உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவது 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்தது. பால் சேர்த்துப் பார்த்தும் பெரிய வித்தியாசம் இல்லை. காபிக்கும் இந்தக் குணம் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்த ஒன்றைக் காசு செலவில்லாமல் நாமே சரிசெய்துகொள்ளலாம்.

டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டாலே பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. மாத்திரையைத் தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடலாம். எலுமிச்சை, கொய்யா போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேர உதவும்.

இன்னொன்று. கட்டுரையின் கடைசியில் பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளைப் பரிந்துரைத்திருந்தீர்கள். அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பாலிஃபீனாலை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. பழத்திலும் காயிலும் மற்ற சத்துகளோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது வேறு, பிரித்தெடுத்து மொத்தமாக விழுங்குவது வேறு. அந்தப் பரிந்துரையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

மருமகளுக்கு அடுத்த பரிசோதனையில் 9.9 வந்தது. சாப்பாட்டையும் கவனித்துக்கொண்டோம், அதனால் டீயை மாற்றியது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால், செவிலியர் அம்மா கேட்ட அந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால் அவளுக்கு ஏழு வாரம் வீணாகியிருக்காது. கர்ப்பிணிகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்களும் பார்க்கிற மாதிரி, அடுத்த இதழில் இதைப் பெரிய எழுத்தில் பெட்டிச் செய்தியாகப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்